கூப்பன்

நகராட்சி அனுப்பிய உறையை
பனி அள்ளும் வண்டியின் வெயில் மறைப்பில் செருகி
மூன்று மாதம் மறந்துபோனேன்.
ஒபிஹிரோவில் அக்டோபர் பிறந்துவிட்டால்
எனக்கு வேறு ஞாபகம் இருப்பதில்லை.

சினாட்சு தொலைபேசியில் கேட்டாள்:
"ரத்தம் கொடுத்தாச்சா அப்பா?"
அவளுக்கு ஒன்பதாவது வாரம்.
"கொடுக்கிறவரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க."

அன்றுதான் கிழித்துப் பார்த்தேன்.
ருபெல்லா. 1962 ஏப்ரலுக்கும் 1979 ஏப்ரலுக்கும் நடுவே
பிறந்த ஆண்கள், என்றிருந்தது.
பதினேழு வருடத்து ஆண்கள்!
விரல்விட்டு எண்ணி
எங்களிடம் வந்து சேர
ஒரு நாட்டுக்கு இத்தனை காலம்.

அந்த மதியம் நினைவிருக்கிறது.
எட்டாம் வகுப்பு. நடைகூடத்தில் பெண்கள் வரிசை,
சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு.
ஸ்பிரிட் வாசனை.
எங்கள் கையில் பந்தைக் கொடுத்து
மைதானத்துக்கு விரட்டிவிட்டார்கள்.
ஜன்னலில் மூக்கை அழுத்திச் சிரித்தோம்;
ஓரியே மட்டும் ஊசியைப் பார்க்காமல்
எங்களையே முறைத்துக்கொண்டிருந்தாள்.
பிள்ளை சுமக்கப்போவது அவர்கள்தானே என்று
யாரோ கணக்குப் போட்டிருந்தார்கள்.
பக்கத்தில் நின்று இருமப்போவது யார் என்று
கணக்கில் இல்லை.

எங்கள் டிப்போவிலும் ஓர் அட்டவணை உண்டு.
நவம்பர்தோறும் அடித்துத் திருத்துவோம்:
புதுப் பள்ளி, மூடிய ஆலை, ஆளில்லாத தெரு.
ஒரு சந்து விட்டுப்போனால்
அந்தச் சந்தில் பனி பெய்யாமலா இருக்கிறது?

அம்மா பத்திரப்படுத்திய என் தாய்சேய்க் கையேடு:
ஷோவா நாற்பத்தொன்று. உள்ளே பெரியம்மைக் கட்டம்,
அதன் முத்திரை இன்னும் என் தோளில்.
சினாட்சுவின் கையேட்டில் அந்தக் கட்டமே கிடையாது.
நோய் செத்தது, கட்டமும் செத்தது.
இப்போது அவள் கைக்கு வந்திருப்பதிலோ
பக்கம் போதாமல் கட்டங்கள்;
பாதிப் பெயர் என் வாயில் நுழையவில்லை.

குழந்தைகள் மருத்துவமனை.
நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கிறது.
மூக்கொழுகிய ஒருவன்
யாருக்கு ஊசி என்று கண்ணால் கேட்டான்.
எனக்குத்தான் என்றேன்.
அவன் அழ ஆரம்பித்தான்.

முடிவு வந்தது: எட்டுக்கும் கீழே.
ஐம்பத்து மூன்று வருடம்
ஒரு கவசமும் இல்லாமல்
எல்லா வீட்டுக்கும் போய்வந்திருக்கிறேன்,
எல்லாரோடும் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறேன்.

ஊசி போட்ட செவிலிக்கு என் மகளை விட வயது குறைவு.
"கையேடு இருக்கா?" என்று விளையாட்டாகக் கேட்டாள்.
கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
புரட்டினாள். கட்டம் தேடினாள்.
பிறகு ஓரத்தில், வெற்றுத் தாளில்,
சின்ன எழுத்தில் எழுதினாள்:
ரேவா ஒன்று, டிசம்பர் பதினொன்று.

ஒரு கரடி ஒட்டுப்படமும் தந்தாள்.

அன்றிரவு நாற்பது சென்டிமீட்டர்.
கியர் மாற்றும்போதெல்லாம் இடது கை வலித்தது.
பட்டியலில் இல்லாத ஒரு சந்துக்குள்
வண்டியைத் திருப்பினேன்,
யாரிடமும் சொல்லவில்லை.