முப்பத்தெட்டுக் கிலோ

வண்டியிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டும்.
தைஸ்தோ ஒரு பக்கம்,
மருத்துவர் கூடாதென்ற இன்னொரு பக்கம் நான்.
ஈரப் பலகைப் படிகள் ஏழு.
படிக்கொரு கெட்ட வார்த்தையை வைத்துவிட்டு ஏறுவான்.
ஏழாவதில் கையிருப்பு தீர்ந்து
என் பெயரைச் சொல்வான்:
"ரௌனி."

ஹோன்காலாத்தி நடனக் கொட்டகை
ஏரிக்குள் பாதிக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறது.
ஜூன் மாதம். இரவு பத்தாகியும்
வீட்டுக்குப் போகாத வெயில்
நுழைவுச்சீட்டு வரிசையில் நிற்கிறது.

என் ஆம்ப்ளிஃபயருக்கு சுவிட்சு இரண்டு.
ஒன்று, வால்வுகளுக்குக் கணப்பு மூட்ட.
மற்றது, பேச விட.
நடுவில் ஒரு நிமிடம் சும்மா நிற்கவேண்டும்.
முப்பது வருடமாக அந்த நிமிடத்தில்
உருப்படியாக எதையும் நான் யோசித்ததில்லை;
வண்டிக் கடன், காபித்தூள்,
இடது செருப்பின் வார்.
ஆறு கண்ணாடிக் குப்பிகளும் செம்மஞ்சளாகி
கொசு ஒன்று ஒட்டிக் கருகும் வாடை வந்தால்
தயார் என்று பொருள்.

தடித்த தந்தியை ஓங்கி இழுத்தால்
சுரம் உடனே நிமிர்ந்து நிற்காது.
ஒரு கணம் மண்டியிட்டு,
முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து வரும்.
டாங்கோவுக்கு அது போதும்.
ஆடுகிறவனின் குதிகால் விழ
தரையில் இடம் கிடைத்துவிடும்.

பிப்ரவரியில் முதுகுத்தண்டில் ஒரு தட்டு நழுவியது.
"என்ன தூக்குகிறீர்கள்?"
"இசை" என்றேன்.
மருத்துவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

குவோபியோவில் கடைப் பையன் ஏத்து
ஒரு பெட்டியை ஒற்றைக் கையால் நீட்டினான்.
இரண்டு கிலோ. இரண்டு கறுப்பு ரொட்டி.
"எல்லாம் டிரான்சிஸ்டர். ஐந்நூறு வாட்.
காயவிடவேண்டாம், காத்திருக்கவேண்டாம், உடையாது."
உடையாதவற்றோடு எனக்குப் பழக்கமில்லை.
இருந்தும் வாங்கினேன்.
திருப்பிக் கொடுக்க முப்பது நாள்.
ரசீதை மடித்துக் கிட்டார் உறைக்குள் செருகினேன்.

வீட்டில் இரண்டையும் எல்லை தாண்டித் திருகிப் பார்த்தேன்.
வால்வு, மணல்கரை.
கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று
ஏரி உன்மேல் ஏறும்.
டிரான்சிஸ்டர், படகுத்துறையின் கடைசிப் பலகை.
அதுவரை சொட்டு ஈரமில்லை.
அடுத்த அடி
முழுக்கு.

நேற்று பழையதைத்தான் மாட்டியிருந்தேன்.
மூன்றாவது டாங்கோ பாதியில்
நான்காம் குப்பிக்குள் நீலமாய் ஒரு வெட்டு.
பிறகு ஒன்றுமில்லை.
பேஸ் இல்லாத டாங்கோ
படிக்கட்டில் கடைசிப் படி இல்லாதது போல.
பிர்க்கோ டிரம்ஸை மட்டும் உருட்டிக்கொண்டே
புருவத்தால் என்னைக் கேட்டாள்.
கம்பியைப் பிடுங்கிச் சின்னப் பெட்டியில் செருகினேன்.
சுவிட்சு ஒன்றுதான்.
போட்டதும் பேசியது.
செருப்பு வாரைக்கூட நினைக்கவிடவில்லை.

அறுபது ஜோடி.
ஒரு குதிகால் தடுமாறவில்லை.
ஒருவராவது திரும்பிப் பார்த்திருக்கலாம்.

முடிந்தபின் அக்கார்டியனைப் பூட்டியபடி
தைஸ்தோ சொன்னான்:
"இன்று உன் சுரம் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது."
நன்றி சொல்ல வாயெடுத்தேன்.
"அந்த வால்ட்ஸில், திருப்பத்தில்,
அரைச்சுரம் கீழே வாசிக்கிறாய்.
எப்போதுமே அப்படித்தானா?"

எனக்கே தெரியாது.
பதினெட்டு வருடம் அந்த ஆறு குப்பிகளும்
வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாத உறவினர்போல
மெழுகிப் பூசி
என்னைக் காப்பாற்றிவந்திருக்கின்றன.

ஏழு படி இறங்கினோம்.
செத்துப்போனாலும் எடை அதேதான்.
சின்னதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
பிர்க்கோ எப்போதோ வண்டிக்குப் போய்விட்டாள்.

ரசீதில் இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.
அதற்குள் அந்தத் திருப்பத்தைச்
சரியாக வாசிக்கக் கற்றுக்கொள்ளலாம்.
அல்லது
ஒரு வால்வு வாங்கலாம்.