பின்னால் யாரும் இல்லாத வண்டி

ஐம்பதாவது பிறந்தநாளுக்குக் கடையில் எல்லோரும் சேர்ந்து
ஒரு கவர் கொடுத்தார்கள்.
உள்ளே, பந்தயத் தடத்தில் ஒருநாள் பயிற்சிக்கான சீட்டு.
சிரித்தார்கள். நானும்தான்.
கடை என்றால் சவப்பெட்டிக் கடை.
இருபத்தாறு வருடமாய் நான் ஓட்டுவது
கறுப்பு, நீளம், பக்கமெல்லாம் கண்ணாடி.
மணிக்குப் பன்னிரண்டு மைல்.
முன்னால் யாராவது நடந்தால் மூன்று.

வேல்ஸில் சாலையெங்கும் வெள்ளைச் சாயத்தில்
அராஃப் என்று எழுதியிருக்கும். மெதுவாக.
என்னளவுக்கு அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டவன்
இந்தத் தீவில் வேறெவனும் இல்லை.

தடம் கடலோரத்தில்.
தகரக் கூரையைப் பிய்த்துவிடப் பார்க்கிற காற்று.
வேலிக்கு அப்பால் ஆடுகள்,
இரைச்சலுக்குப் பழகி, முதுகைக் காட்டி மேய்கின்றன.
கடன் வாங்கிய ஹெல்மெட்டின் பஞ்சில்
யாருடைய பயமோ இன்னும் ஈரமாக இருந்தது.
ஆறு பேர் நாங்கள்.
செஸ்டரிலிருந்து ஒரு பல் டாக்டர், சொந்தக் கையுறையோடு.
சனிக்கிழமை கல்யாணம் வைத்திருக்கும் ஒரு பையன்,
முந்தின இரவின் பீர் வாசத்தோடு.
மற்ற மூவரும் கண்ணில் தங்கவில்லை.

எலெரி ப்ரோத்ரோ என் இடப்பக்க இருக்கையில்.
உதட்டோரம் தழும்பு, காலில் பழைய ஷூ.
“கண் போகிற இடத்துக்குத்தான் வண்டி போகும்.
கோனைப் பார்த்தால் கோனை இடிப்பீர்கள்.”

முதல் சுற்றில் பல் டாக்டர் என்னைக் கடந்தார்.
மாப்பிள்ளை கடந்தான்.
ஒரு கடற்காகம் கடந்தது.
ஹெல்மெட்டுக்குள் எலெரியின் குரல் கரகரத்தது:
“பின்னால் யாரையாவது படுக்க வைத்திருக்கிறீர்களா?”
“வழக்கமாக, ஆமாம்” என்றேன்.
அரைச் சுற்று அவள் பேசவில்லை.

பிறகு கேட்டாள், எப்படி நிறுத்துவீர்கள் என்று.
நின்றது தெரியக் கூடாது, என்றேன்.
பாதம் மிதிக்காது, சாயும்.
கடைசி அரை அடியில் விட்டுக்கொடுத்துவிட வேண்டும்.
இல்லையென்றால் பெட்டிமேல் லில்லிப் பூக்கள் ஒருமுறை தலையாட்டும்,
அதைப் பின்வண்டியிலிருந்து மகள் பார்த்துவிடுவாள்.

“அதேதான்” என்றாள்.
“அதையே நூற்றிருபதில் செய்யுங்கள்.”

நூற்றிருபது.
முதுகு இருக்கையில் அப்பியது. வயிறு எங்கோ பின்தங்கியது.
மேடேறியதும் சாலை தீர்ந்துபோய்
கண்ணாடி முழுக்கச் சாம்பல் நிறக் கடல்.
“இப்போது.”
சாய்ந்தேன்.
மூக்கு தாழ, முன் சக்கரங்களில் எடை வந்து உட்கார்ந்தது,
பெட்டியைத் தோளில் வாங்கும்போது
ஆறு பேருக்கும் ஒரே கணத்தில் தெரிகிற அந்த எடை.
திருப்பினேன்.
வெளியோரம், உள்ளோரம், மறுபடி வெளியோரம்.
யாரோ கத்தினார்கள். நான்தான்.

அடுத்த சுற்றில் பேராசை.
கடைசி வளைவில் ஆக்சிலரேட்டரை முந்திக் கொடுத்தேன்.
பின்பக்கம் என்னைக் கேட்காமல் முன்னால் வந்தது.
ஆடு, கடல், கோபுரம், ஆடு, கடல்.
நின்றபோது வந்த வழியைப் பார்த்து நின்றோம்.
எஞ்சின் செத்திருந்தது
(வேலையில் இந்தச் சொல்லை நான் வாயில் எடுப்பதில்லை).
ரப்பர் தீய்ந்த வாசம். எங்கோ ஒரு வானம்பாடி.
எலெரி சிரிக்கத் தொடங்கியிருந்தாள்.
எனக்குக் கை நடுங்கியது. பசித்தது,
அப்படியொரு பசி.

ஆறு பேரில் நான்காவது.
பல் டாக்டர் ஐந்தாவது. அதைச் சொல்லாமல் விட மனமில்லை.

செவ்வாய்க்கிழமை, திருமதி ப்ரிட்சர்ட்.
முன் இருக்கைதான் வேண்டுமென்று மூத்த மகன் ஏறிக்கொண்டார்.
தேவாலயத்திலிருந்து கல்லறைக்கு இறங்குகையில்
கல்சுவரை ஒட்டி ஒரு வளைவு.
அராஃப் என்ற எழுத்தின் மேல்தான் போனேன்,
அதே பன்னிரண்டு மைல்தான்.
ஆனால் வெளியோரம், உள்ளோரம்,
பார்வையை இரும்புக் கேட்டிலேயே வைத்து
மெல்ல அகல விட்டு.
பூ ஒன்றும் அசையவில்லை.

“ரொம்ப அகலமாக எடுத்தீர்களே?” என்றார்.
“பள்ளம்” என்றேன்.
அவர் திரும்பிச் சாலையைப் பார்த்தார்.
கேட் நெருங்கும்போது, மூக்கைத் துடைத்தபடி,
“அம்மா பேய்போல ஓட்டுவாள்” என்றார்.