பல்வேறு – இரண்டு

சாம்பல்தீவுப் பாலத்தில் ஏறும்போதே
காற்று உப்பைக் கொண்டுவந்து
செயினில் வைத்துவிட்டுப் போகும்.
நான் கேட்டதில்லை.
அது தராமல் விட்டதுமில்லை.

ஆசுப்பத்திரிக்கு வந்துசேர முக்கால் மணித்தியாலம்.
போன வருசம் மட்டும் செயின் மூன்று.
கூட்டித் துடைக்கிறவளின் சம்பளத்தில்
அது வீட்டில் மீன் வாங்காத பத்து நாள்.

துணியால் துடைத்துப் பார்த்தேன்.
மேல்முகம் மினுங்கியது.
கண்ணிக்குள் கிடந்த மணல்
வழி முழுக்கப் பல்லைக் கடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
பழைய ரூத்பிறஸ் மூன்றின் கழுத்தை
மெழுகுதிரியில் காட்டி வளைத்து
வலை பொத்தும் நைலோன் நூலால் கட்டினேன்.
மேலே ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று.
செயினை நடுவில் விட்டுப்
பெடலைப் பின்னுக்குச் சுற்றினால்
மூன்று வாயும் அழுக்கைத் தின்னும் என்பது கணக்கு.
தின்றன.
நாலாம் சுற்றில்
பிறீவீல் பிறஸைத் தின்றது,
என் விரல் மொளித் தோலும் கொஞ்சம்.

இரண்டாவதுக்கு உடைந்த குடையின் கைபிடி.
விரல் தப்பியது.
ஆனால் மண்ணெண்ணெய் ஊற்ற
மூன்றாவது கை ஒன்று வேண்டியிருந்தது.
புருசனைக் கேட்டால் கை வரும்,
கூடவே யோசனையும் வரும்.

அந்தக் கை
ஐந்தாம் வார்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.
சேலைன் குழாய்.
திகதி முடிந்து எறிய ஒதுக்கிய பெட்டியிலிருந்து
உறை பிரிக்காத ஒன்றை எடுத்தேன்.
அதில் ஒரு சின்னச் சில்லு இருக்கிறதே,
பெருவிரலால் உருட்டச் சொட்டுக் கூடும், குறையும்.
மனிசருக்கு நிமிசத்துக்கு இருபது என்பார்
தேவசகாயம் மிஸ்ஸி.
என் செயினுக்குப் பன்னிரண்டு போதும்.
குடைக்கம்பி வழியே குழாயை ஓட்டிப்
பிறஸுகளின் நடுவில் பூட்டினேன்.
சோடாப் போத்தல்
ஹாண்டிலில் தலைகீழாக.

சைக்கிளுக்குச் சேலைன் ஏத்துறாள் என்று
கன்ரீன் வரைக்கும் கதை போனது.

மற்றது எனக்காகச் செய்ததல்ல.
வார்ட்டின் சக்கர நாற்காலி
எப்போதும் இடப்பக்கம் இழுக்கும்.
எக்ஸ்ரே அறைக்கென்று தள்ளினால்
பிணவறைப் பக்கம் திரும்பும்.
இருக்கிறவர்கள்
சிரிப்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வார்கள்.
முறிந்த ஸ்போக் ஒன்றின் நுனியைத்
தூண்டில்போல மடக்கி
முன்சில்லின் அச்சுக்குள் விட்டு இழுத்தேன்.

முடி வந்தது.
கறுப்பு, நரை, மருதோன்றிச் சிவப்பு,
பண்டேஜ் நூல், கோயிலில் கட்டிய கயிற்றின் முடிச்சு,
திரும்பவும் முடி.
எத்தனை வருசத்து ஆட்களோ
ஒரு சாண் நீளத்தில் திரிந்து கிடந்தார்கள்.
வாளியடிக்கு இரண்டு தரம் போய்
இரண்டு தரம் திரும்பினேன்.
மூன்றாம் தரம் போட்டேன்.

நாற்காலி நேரே போனது.

களஞ்சியத்திலிருந்து மர்சூக் கூப்பிட்டார்.
எறிய வைத்ததில் ஒன்று குறைகிறதாம்.
இரண்டு சாமானையும் மேசையில் வைத்தேன்.
சில்லை உருட்டினார்.
கொக்கியை உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தார்.
'பேரென்ன இதுகளுக்கு?'
பேர் வைக்கவில்லை என்றேன்.
பேரில்லாமல் புத்தகத்தில் ஏறாது,
ஏறாவிட்டால் களவு.
பேனை மூடியைக் கொஞ்ச நேரம் கடித்துவிட்டு எழுதினார்:
பல்வேறு – இரண்டு.
பிறகு கதவைச் சாத்திவிட்டு
மகளின் சைக்கிளுக்கும் ஒன்று
செய்யேலுமோ என்று கேட்டார்.

வெளியே,
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
என் சைக்கிளில் முகம் வைத்து நின்றது.
சட்டத்தை நக்கியது,
மட்கார்டை, ஸ்போக்குகளை ஒவ்வொன்றாய்,
பாலம் தந்த உப்பு முழுவதையும்.
நான் விரட்டவில்லை.
கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன்.
அரம்போலச் சொரசொரப்பு.
எந்த இடுக்குக்கும் வளைகிறது.
தன் ஈரத்தைத் தானே கொண்டுவருகிறது.
அகலம்,
என் விரலில் இரண்டரை.