இடப்பக்கம் கொஞ்சம் மெலிவு

காத்திப் எம்ஆர்டியில் அட்டை தட்டும் கதவுக்கு
உள்ளே அவன், வெளியே நான்.
வெளிவந்தால் கட்டணம் போகுமென்று
கதவுக்கு மேலாகவே நீட்டினான்.
கழுத்தில் நீல நாடா, என்னுடையதைப் போலவே.
"நாற்பது வெள்ளி. இடப்பக்கம் கொஞ்சம் மெலிவு,
ஐந்து குறைச்சுக்குங்க."

சிம் லிம்மில் முந்நூறு வெள்ளி ஹெட்ஃபோனை
மாட்டிப் பார்த்துக் கழற்றி வைத்தவன் நான்.

உறை உரிந்து காதெல்லாம் கறுப்புத் துகள்.
"தார் ரோட்டுல படுத்தியா?" என்றாள் லோகேஸ்வரி.
வெல்வெட் மெத்தை பதினொரு வெள்ளி,
வந்து சேர மூன்று வாரம்.
பொறுக்காமல் திருகாணிகளைக் கழற்றினேன்.
பாலிகிளினிக் பிளாஸ்திரியின் மிச்சத்தைத்
துளைகள் மேல் ஒட்டினேன்.
பாதி மூடினால் பேஸ் தடிக்கிறது,
முழுக்க மூடினால் வாளிக்குள் பேச்சு.
முக்காலில் நின்றேன்.
மாத்திரைப் புட்டிப் பஞ்சால்
வலப்பக்கத்தை அடக்கினேன்.

இரவு ஒரு மணி. தவில் கச்சேரிப் பதிவு.
பின்வரிசையில் யாரோ நாற்காலி நகர்த்துகிறார்,
இத்தனை வருடமாக நகர்த்தியிருக்கிறார்.

சும்மா ஒரு சந்தேகம்.
இடம் வலம் மாற்றி மாட்டினேன்.
மெலிவு நகரவில்லை.
இடக்காதிலேயே இருந்தது.

நீல நாடாக்காரா,
கப்பல் பட்டறையில்
எந்தப் பக்கம் கிரைண்டர் அலற நிற்கிறாய்?
ஐந்து வெள்ளி
உனக்குத் தரவேண்டியிருக்கிறது.