ஈர டயர்

புக்கிட் பாத்தோக், பதினோராம் மாடி.
கார் இல்லை எனக்கு.
உரிமம் இருக்கிறது, ஏழு வருடமாய்ப் பர்ஸில்.

பின் இறக்கையை இரண்டு புள்ளி தாழ்த்தினேன்.
டயர் காற்றை அரை அரையாய் இறக்கி
பத்தாம் வளைவில் வால் ஆடுகிறதா என்று
மூன்று இரவு பார்த்தேன்.
ஜூரோங் கிடங்கில் ஓட்டும் ஃபோர்க்லிஃப்ட்டை
ஒருநாளும் இப்படிக் கவனித்ததில்லை.

இன்றைய பந்தயத்தில்
மழை வாய்ப்பு நாற்பது விழுக்காடு.
பத்தொன்பதாம் சுற்றில் கேட்டது,
முதலில் தகரத்தில் மணல் கொட்டுவதுபோல்,
பிறகு முழுசாய்.
யாரும் டயர் மாற்ற உள்ளே வரவில்லை.
நான் வந்தேன்.

வெளியேறிப் பார்த்தால்
தடம் கருவாடாய்க் காய்ந்து கிடக்கிறது
விளக்கு வெளிச்சத்தில்.
இரண்டே சுற்று. ரப்பர் களியாகிப்போனது.
ஒவ்வொருவராய்த் தாண்டினார்கள்.
காதுக்குள் ரிள்வான் சிரித்தான்:
“உனக்கு மட்டும் எந்த ஊர் மழைடா?”

ஹெட்போனைக் கழற்றினேன்.
சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில்
நாளைய சீருடை
தலைகீழாய்ச் சொட்டிக்கொண்டிருந்தது.

இந்த ஊர் மழைதான் என்றேன்.
எடுக்கப் போகவில்லை.
இன்னும் ஆறு சுற்று இருந்தது.