செல்லும்

லிக்செலேயிலிருந்து வந்த காகித உறைக்குள்
ஒரு காலி மாத்திரைப் புட்டி, அதற்குள் பால்பல்.
ஏலோஃப், ஏழு வயது, கீழ் இடது வெட்டுப்பல்.
வைர விளிம்புச் சக்கரத்தில் அறுத்தேன்.
என் வேலை அதுதான்: அறுப்பது,
வெளிச்சம் உள்ளே புகும்வரை தேய்ப்பது.

எனாமல் கட்டும் செல்கள் பின்பக்கமாக நடப்பவை,
தரை துடைப்பவர் கதவை நோக்கிப் பின்வாங்குவதுபோல.
ஒரு நாளைக்கு, மயிரிழையில் இருபதில் ஒரு பங்கு.
முதலில் புரதச் சாரம் கட்டும்.
பிறகு சாரத்தைக் கரைத்து
அந்த இடத்தில் படிகத்தை நெருக்கும்.
பல் வெளியே வரும்போது கட்டியவை உயிரோடில்லை.
எலும்பு கூடும், தோல் மூடும்;
இது மட்டும் திருத்த ஆளில்லாத எழுத்து.

ஹில்லேவி நேரில் வந்தாள்.
உமேயோவில் பனி சேறாகியிருந்தது.
மர ஆலையில் இரவு ஷிப்ட், பிறகு பேருந்து.
உதடு பிரியாமல் பேசப் பழகியவள்.
கேட்டபிறகு காட்டினாள்:
பல்தோறும் மேலிருந்து கீழே கோடுகள்,
பளபளப்பு, மங்கல், பளபளப்பு.
"காபி" என்றாள்.

காபி இல்லை.
அவளுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் எழுத்துப்பிழை.
கருவிலேயே ஒவ்வொரு செல்லும்
இரண்டில் ஒன்றை மடித்து வைத்துவிட்டது,
எதை என்று யாரையும் கேளாமல்.
நல்லதைத் திறந்து வைத்தவற்றின் வம்சம் கட்டியது பளபளப்பு.
மற்றவை கட்டியது வெறும் சாக்குக்கட்டி.
மகனுக்கு எக்ஸ் ஒன்றே.
மடிக்க ஏதுமில்லை.

"அப்போ நான்தான் கொடுத்தேன்."
கேள்விக்குறி இல்லாமல்.
டாக்டர் ஓக்வால் "ஐம்பது சதவீதம்" என்று தொடங்கி
பேனாவை மூடினார்.

நான் நாற்காலியை நுண்ணோக்கியின் பக்கம் நகர்த்தினேன்.
மெலிந்த எனாமலில், கழுத்துக்குச் சற்று மேலே,
ஒரு கருங்கோடு.
அது அவன் பிழையல்ல. உங்களுடையதும் அல்ல.
பிறந்த அதிர்ச்சியில் செல்கள் தடுமாறிய இடம்;
பால்பல்லில் எல்லோருக்கும் உண்டு.
கோட்டுக்கு இந்தப் பக்கம் உங்கள் வயிற்றில்,
அந்தப் பக்கம் வெளியே.

நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை.
"ஆம்புலன்ஸ் மர லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது"
என்றாள், லென்ஸிடம்.
"ஓட்டுநர் ஹாரனை விடவேயில்லை."

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.
பையன் கேட்கச் சொன்னானாம்:
தண்ணீர்க் கிளாஸில் போட்டால் காலையில் காசாகுமே பல்,
அறுத்துவிட்டால் செல்லாதா?

மீதிப் பாதியைப் புட்டியில் இட்டேன்.
செல்லும் என்று எழுதி ஒட்டி
ஆய்வக முத்திரையும் குத்திக் கொடுத்தேன்.