வெறும் லொறியின் நிறை

வாழைச்சேனைப் பொலிசில்
சிங்களத்துக்கும் தமிழுக்கும் நடுவே
ஒரு பிளாஸ்டிக் கதிரை. அது என்னுடையது.
சார்ஜன்ட் கேட்பார், நான் கேட்பேன்.
அவர்கள் சொல்வார்கள், நான் சொல்வேன்.

நேற்றுப் பின்னேரம் பூபாலரெத்தினத்தாரைக் கொண்டுவந்தார்கள்.
வயது எழுபத்திரண்டு.
சைக்கிள் பம்பின் வயிற்றுக்குள் ஐஸ் பொட்டலங்கள்.
ஓட்டமாவடிப் பாலத்தடியில்
காற்றுப்போன பள்ளிப் பொடியன் ஒருவன்
பம்பை இரவல் கேட்டிருக்கிறான்.
இல்லையென்று சொல்லத் தெரியவில்லை மனுசனுக்கு.

இவரை எனக்குத் தெரியும்.
கடதாசி ஆலை ஓடிய காலம்
வைக்கோல் லொறி நிறுக்கும் மேடையில்
இவர்தான் கிளாக்கர்.
பாரத்தோடு ஒருதரம், இறக்கிய பிறகு ஒருதரம்.
வாகனேரியில் மழை பெய்தால்
இங்கே இவர் பேனை ஈரத்துக்கும் கழிக்கும்.
அப்பா ஒருநாள்
எருமைத் தயிர்ச் சட்டியோடு போனார்.
சட்டியை லொறி மேடையில் வைத்தாராம்.
முள் அசையவில்லை.
"ஒண்டுமில்லையே கந்தப்போடி, கொண்டு போ."
அன்றிரவு வீடே அவரை ஏசியது,
தயிரைத் தின்றுகொண்டே.

ஏன் என்றார் சார்ஜன்ட். ஏன் என்றேன்.
நுண்கடன் என்றார். பிறகு இல்லை என்றார்.
மகள் கட்டாரில் என்று தொடங்கி
அதையும் விழுங்கினார்.
"ஆலை பூட்டின நாளிலிருந்து
என்னட்ட ஒருத்தரும் ஒரு கணக்கும் தரல்ல தம்பி.
இவனுகள்தான் தந்தானுகள்."

இதை எப்படிச் சிங்களத்தில் சொல்வது?
காசுக்காக, என்று சொன்னேன்.

ஆலைக் குவாட்டர்சில் இப்போது ஜன்னல்கள் இல்லை.
கழற்றி விற்ற பொடியனுகளுக்குத்தான்
இவர் கொண்டுபோய்க் கொடுத்தது.
அதில் ஒருவன் என் அக்காவின் மகன்.
அதை நான் எந்த மொழியிலும் சொல்லவில்லை.

மேசைமேல் நகைக்கடைத் தராசு.
பொட்டலங்களை அப்படியே வைத்தார் சார்ஜன்ட்.
சிவப்பு எண்கள் ஓடி நின்றன.
அதுவரை குனிந்திருந்தவர்
மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கினார்.
உற்றுப் பார்த்தார்.
குரல் திடீரென்று மேடைக் குரல்.
"பொலித்தீனோட நிறுக்கிறார்.
வெறும் பொலித்தீனை நிறுத்துக் கழிக்கச் சொல்லு."

என்னவாம், என்று
சார்ஜன்ட் என் பக்கம் திரும்பினார்.

மின்விசிறி மூன்று சுற்றுச் சுற்றியிருக்கும்.

ஒன்றுமில்லை, என்றேன்.

அந்த எண்ணையே எழுதினார்கள்.
கீழே கையெழுத்து வைத்தார்.
அப்பாவின் பழைய துண்டுகளில் இருந்த
அதே கையெழுத்து.
ஒரு சுழிகூடக் குறையவில்லை.